பூஜைக்கு ஓய்வெடுத்த பேக்கப்

அஜிதாவுக்கு என்ன வேலை என்று அவளுடைய சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் தன் போனை நீட்டி, "மக்களே, இது ரொம்ப சூடாவுது, என்னன்னு பாரு" என்பார். அவளும் வாங்கிப் பார்ப்பாள். போன் சூடாவதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கப் புகுந்தால் பந்தி முடிந்துவிடும் என்பது அவள் அனுபவம்.

நாகர்கோவிலில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் தகவல்களைக் காப்பதுதான் அவள் வேலை. அங்கே எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் எழுதும் குறிப்பு எல்லாம் சர்வர் ரூமில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு ஸ்டோரேஜில் போய்ச் சேரும். உள்ளே வரிசை வரிசையாக ஹார்ட் டிஸ்குகள். அது மொத்தமாகக் கெட்டுப்போனால் என்ன செய்வது? அதற்காக ரோட்டுக்கு எதிர்ப்புறம் பழைய கட்டடத்தில் பேக்கப் சர்வர் ஒன்று இருக்கிறது. தினமும் இரவில் அன்றைக்கு வந்ததையெல்லாம் அது பிரதி எடுத்துக்கொள்ளும். அந்தப் பிரதியிலிருந்து வாரத்துக்கு ஒன்று டேப்பில் இறங்கி, வேறொரு ஊரில் பூட்டிய அலமாரிக்குப் போகும். ஒன்றும் நடக்காமல் இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். எனவே அவளை யாரும் பாராட்டியது கிடையாது. அவளும் எதிர்பார்த்தது கிடையாது.

தக்கலைக்காரி. பி.சி.ஏ. முடித்துவிட்டு ஏழெட்டு வருடம் இரணியல் ஸ்டேஷனில் ரயிலேறி திருவனந்தபுரத்துக்குப் போய் வந்து வேலை பார்த்தாள். அங்கே ஒரு கம்பெனி வருடக்கணக்காக பேக்கப் எடுத்து அடுக்கி வைத்திருந்தது. ஒருநாள் தேவைப்பட்டபோது திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வாசிக்க முடியாத குப்பை. அந்தக் கம்பெனிக்காரர்களின் முகத்தைப் பார்த்த நாளிலிருந்து அஜிதாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இரண்டாம் சனிக்கிழமைதோறும் பேக்கப்பிலிருந்து கைபோன போக்கில் பழைய கோப்புகள் சிலவற்றை எடுத்து, உயிரோடு இருக்கின்றனவா என்று திறந்து பார்ப்பாள். கூட வேலை செய்பவர்கள் இதைக் கிறுக்கு என்றார்கள். வீட்டுச் சாவிக்கும் அவள் மூன்று பிரதி வைத்திருந்ததால் அந்தப் பேச்சை முழுக்க மறுக்கவும் முடியவில்லை. கத்தாரில் வேலை பார்க்கும் கணவன் மகேஷ்குமார், தன்னையும் மூன்றாக எடுத்து வைத்திருப்பாயா என்று போனில் கிண்டல் செய்வான்.

இவ்வளவு கவனக்காரி ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்திருந்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை புத்தகத்தையும் ஆயுதத்தையும் தொடக்கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி ஊர்வலமாகப் போய்த் திருவனந்தபுரத்தில் கொலுவிருக்கும் நாட்கள் அவை. யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தில் காட்டுகிற பக்தியை வேறெதிலும் காட்டுவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எந்த ஆயுதத்தைத் தொடாமல் இருப்பது? ஆபரேஷன் கத்தியைப் பூஜையில் வைத்தால் அன்றைக்கு வருகிற பிரசவத்தை யார் பார்ப்பது? ஆனாலும் பேருக்கு ஒரு இயந்திரமாவது ஓய்வெடுக்க வேண்டும் என்பது முதலாளி குடும்பத்தின் பிடிவாதம். ஒரு வருடம் லேப் கம்ப்யூட்டரை நிறுத்திப் பார்த்தார்கள், டாக்டர்கள் கத்தினார்கள். பில்லிங் கம்ப்யூட்டரை நிறுத்திப் பார்த்தார்கள், கவுன்டரில் கூட்டம் கத்தியது. கடைசியில் பேக்கப் சர்வரை நிறுத்தினார்கள். ஒருவரும் கத்தவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

அஜிதா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அட்மினிஸ்ட்ரேட்டர் கிருஷ்ணமணியிடம் போய்ச் சண்டையே போட்டாள். அவர் தங்கமான மனிதர். எதற்கும் கோபப்படமாட்டார். அதனாலேயே அவரிடம் ஒரு காரியமும் நடக்காது.

"ரெண்டு நாளுதானே அஜிதா," என்றார். "அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?"

அடுத்த வருடம் முணுமுணுத்தாள். அதற்கடுத்த வருடம் அவளே போய் நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு வருடமும் ஒன்றும் நடக்காமல் போனதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இந்த வருடம் சித்திரையில் அவளுடைய அம்மா சொர்ணம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டியது விடவில்லை. ஆவணியில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. அதே ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். கதிர்வீச்சுக்கு இங்கே கரண்டு என்றுதான் பேச்சு. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். அது முகத்தின் அச்சில் இறுகிவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த மூடியைப் போட்டு, தலை அசையாதபடி மேசையோடு பூட்டிவிட்டுத்தான் கதிரைப் பாய்ச்சுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு என்கிற கணக்கை ஸ்கேன் படத்தை வைத்து முன்கூட்டியே போட்டிருப்பார்கள். படமும் கணக்கும் இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் விலையுள்ள அந்த மெஷின் வெறும் இரும்பு.

சொர்ணம்மாளுக்கு நோயைவிட அந்த மூடியின் மேல்தான் பயம். "அதுக்குள்ள கெடந்தா, குழிக்குள்ள வச்சு மண்ணு தள்ளுனது மாதிரி இருக்குட்டி," என்பாள். குரல் அதற்குள் பாதியாகிவிட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாதித் தூரம் வந்துவிட்டாள். கஞ்சி இறங்காமல் உடம்பு மெலிந்தது. முகம் ஒட்டிப்போய் மூடி தொளதொளவென்று ஆனது. புதிய மூடி செய்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்றார் டாக்டர் விக்டோரியா.

"போதும்," என்று சொர்ணம்மாள் சொல்லிவிட்டாள். "இனி நான் எங்கயும் வரல்ல. நடக்குதது நடக்கட்டும்."

அஜிதா இரண்டு நாள் கெஞ்சினாள். மூன்றாம் நாள் பேரம் பேசினாள்.

"இந்த ஒரு ஸ்கேனு அம்மா. பொறவு பாக்கி உள்ள கரண்டு மட்டுந்தான். வேற ஒண்ணும் கெடையாது. அந்தப் படம் எல்லாம் எனக்க பொறுப்புலயாக்கும் இருக்கும். நான் பாத்துக்கிடுதேன்."

சொர்ணம்மாள் விரலை நீட்டி எச்சரித்தாள்.

"அதுக்கு மேல ஒருக்கா கூப்புட்டா வரமாட்டேன். இப்பமே சொல்லிப்போட்டேன், கேட்டியா?"

"செரிம்மா."

அஷ்டமி அன்று காலையில் புதிய மூடி செய்து ஸ்கேன் எடுத்தார்கள். அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அஜிதா வேலைக்குத் திரும்பினாள். சாயங்காலம் பழைய கட்டடத்துக்குப் போய், வழக்கம்போல பேக்கப் சர்வரை நிறுத்தினாள். சந்தனம் வைத்தாள். அம்மாவின் படம் காலையில்தான் ஸ்டோரேஜுக்குள் போயிருக்கிறது, அதற்கு இரண்டாவது பிரதி இன்னும் இல்லை என்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. கை தயங்கியது, மனது உறுத்தியது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நிறுத்திவிட்டு வந்து சுண்டல் வரிசையில் நின்றாள்.

மறுநாள் நவமி. விடுமுறை என்றும் பாராமல் கதிர்வீச்சுப் பிரிவில் உட்கார்ந்து மத்தியானத்துக்குள் சொர்ணம்மாளுக்குக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள். விஜயதசமிக்கு மறுநாள் கரண்டு தொடங்கலாம் என்று டாக்டர் விக்டோரியா போனில் சொன்னபோது அஜிதாவுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் சர்வர் ரூமில் பூஜை. எப்போதும் வாசலில் நின்று சூடம் காட்டுவதோடு சரி. உள்ளே புகை ஆகாது. புகையைக் கண்டால் நெருப்பு என்று நினைத்து, தீயை அணைக்கும் வாயுவைக் கூரையிலிருந்து திறந்துவிடும் ஏற்பாடு அங்கே உண்டு. இந்த வருடம் முதலாளியே நேரில் வந்திருந்தார். அவருடன் சாம்பிராணித் தட்டும் உள்ளே வந்தது. முதலாளியிடம் வாசலில் நில்லுங்கள் என்று யார் சொல்வது? பராமரிப்பு வேலை பார்க்கும் முருகதாஸ் முன்யோசனைக்காரர். சுவரில் இருந்த தீயணைப்புப் பெட்டியில் சாவியைத் திருப்பிவிட்டு, "ஒண்ணும் பயப்படாண்டாம், நிறுத்தியாச்சு" என்று அஜிதாவிடம் சொன்னார். பழைய பெட்டியில் அந்தச் சாவியைத் திருப்பினால் எல்லாம் நின்றுவிடும். பெட்டியைக் கோடையில் மாற்றியிருந்தார்கள். புதியதில் அந்தச் சாவி, முன்னெச்சரிக்கையாக ஊதும் சங்கை மட்டும் அடக்கும். ஆகவே சங்கு ஊதவில்லை. சாம்பிராணி நன்றாகப் புகைந்தது. மணியடித்து முடிவதற்குள் வாயு திறந்துகொண்டது.

காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம். குங்குமத் தட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். முதலாளிதான் முதலில் வெளியே வந்தவர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து நின்று சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அஜிதா மட்டும் சிரிக்கவில்லை. ஹார்ட் டிஸ்குக்கு நெருப்பைப் போலவே சத்தமும் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். சுழல்கிற தகட்டுக்கு மயிரிழை மேலே முள் ஒன்று மிதந்துகொண்டிருக்கும். அத்தனை பெரிய சத்தத்தில் தகடு அதிர்ந்தால் முள் கீறிவிடும். இரண்டு டிஸ்க் கெட்டால் ஸ்டோரேஜ் தாங்கும். அவள் கதவைத் திறந்து பார்த்தபோது பச்சை விளக்கைத் தேடத்தான் வேண்டியிருந்தது. முக்கால்வாசி, கெட்டுப்போனதைக் காட்டும் மஞ்சளாக எரிந்தது.

பேக்கப் இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள். அது அஷ்டமிக்கு முந்தின இரவோடு நிற்கிறது என்பது அடுத்து வந்தது. மூன்றாவதாக அம்மா.

ஸ்கேன் மெஷினில் படம் மிச்சம் இருக்குமோ என்று மூன்று மாடி ஓடினாள். அந்த மெஷினின் டிஸ்க் சின்னது. எடுத்த படம் ஸ்டோரேஜுக்குப் போய்ச் சேர்ந்ததும் தன்னிடம் உள்ளதை அழித்துவிடும். அப்படி அமைத்துக் கொடுத்தவள் அவளேதான். போய்ப் பார்த்தால் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. கணக்குப் போட்ட கம்ப்யூட்டரும் எல்லாவற்றையும் ஸ்டோரேஜில்தான் வைத்திருந்தது. அழுகை வந்தது. அழ நேரமில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் சரியான வேலை. பூஜை எடுக்கும் முன்பே, யாரிடமும் கேட்காமல், சந்தனம் வைத்த பேக்கப் சர்வரை எழுப்பினாள். மாற்று ஸ்டோரேஜ் ஒன்றை இறக்கி, எதை முதலில் கொண்டுவருவது என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றினாள். இரண்டாம் சனிக்கிழமைக் கிறுக்கு இப்போது உதவியது. ஒரு கோப்புகூட வாசிக்க முடியாமல் போகவில்லை. மற்ற நோயாளிகளுக்கெல்லாம் கரண்டு தடையில்லாமல் நடந்தது. அஷ்டமிக்கு முந்தின இரவு வரை இருந்த எல்லாமே திரும்பி வந்தன. அதற்குப் பிறகு வந்த ரத்தப் பரிசோதனைகளைக் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். கதிர்வீச்சுப் பிரிவில் மூன்று பேரின் படமும் கணக்கும் மட்டும் போனது போனதுதான்.

எல்லாம் ஏற்றி முடித்த மறுநாளே கூட்டம் போட்டார்கள். வடையும் சாயாவும் வந்தன. சாம்பிராணி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள். முருகதாஸ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், அவரையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அஜிதா இல்லைன்னா ஆஸ்பத்திரியையே மூடியிருக்கணும்," என்றார் கிருஷ்ணமணி.

"பேக்கப்பை நிறுத்துனது நான்தான் சார்," என்றாள்.

"நாங்க சொல்லித்தானே நிறுத்துன? அதெல்லாம் மனசுல வைக்காத."

அவர் சொன்னது மனப்பூர்வமாகத்தான். அவள் வேலைக்கு ஒரு கீறலும் விழவில்லை. இவ்வளவு வருடத்தில் முதல் பாராட்டும் அன்றைக்குத்தான் கிடைத்தது.

வெளியே வந்தபோது டாக்டர் விக்டோரியா காத்திருந்தார்.

"மத்த ரெண்டு பேருகிட்டயும், படம் தெளிவா இல்ல, இன்னொரு தடவை எடுக்கணும்னு சொல்லியிருக்கேன். வாறோம்னு சொல்லிட்டாங்க. அம்மாகிட்டயும் அப்படியே சொல்லுங்க. நடந்ததைச் சொன்னா இன்னும் பயப்படுவாங்க."

"அம்மா வரமாட்டா டாக்டர்."

"வரவைங்க அஜிதா. ஏற்கெனவே நாள் விட்டுப்போச்சு. தொண்டையில இருக்கிறது நமக்காகக் காத்திருக்காது."

தக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, படம் தெளிவாக இல்லை அம்மா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். வில்லுக்குறி தாண்டும்வரை அது நன்றாகத்தான் இருந்தது. பொறுப்பு என்னுடையது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பழியை மட்டும் ஒரு மெஷினின் தலையில் போடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சொர்ணம்மாள் கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். அஜிதா டி.வி.யை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உனக்க படம் போச்சு."

"எங்க போச்சு?"

"அழிஞ்சு போச்சு. நாங்க ஒரு பிரதி எடுத்து வைப்போம். பூஜைக்குன்னு அதை நான் நிறுத்திப் போட்டேன். அந்த நேரம் பாத்து மத்ததும் கெட்டுப்போச்சு. திரும்பவும் ஒருக்கா ஸ்கேனு எடுக்கணும். கணக்கும் முதல்ல இருந்து போடணும்."

சொர்ணம்மாள் அவளைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் சொன்னதுதான். வரமாட்டேன்."

அஜிதா எழுந்தாள். அடுக்களைக்குப் போய்க் கஞ்சியை மசித்து எடுத்து வந்தாள். சொர்ணம்மாள் திரும்பவில்லை. கஞ்சி ஆறியது. துருத்திய முதுகெலும்பு ரவிக்கைக்கு மேலே தெரிந்தது. இந்த உடம்பை இனி எப்படி எழுப்புவது என்று அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பயமாக இருந்தது. தன்னால்தான் என்பது அதைவிட மோசமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொர்ணம்மாள் கேட்டாள்.

"ஆபீசுல அவிய உன்னைச் சும்மா விட்டாவளா?"

"கூட்டம் போட்டாவ."

"வேலைய விட்டு எடுத்துருவாவளா?"

இல்லை என்று சொல்ல அஜிதா வாயைத் திறந்தாள். எடுக்கமாட்டார்கள் அம்மா, பாராட்டினார்கள், வடை வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் உண்மை. ஆனால் அம்மா சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். கஞ்சிக்குத் திரும்பாதவள், கெஞ்சலுக்குத் திரும்பாதவள்.

"தெரியல்லம்மா," என்றாள் அஜிதா.

"நான் வந்து படுத்துக் குடுத்தா?"

"படம் திரும்பக் கெடச்சாச்சுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ."

சொர்ணம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"காலத்த எத்தனை மணிக்குப் போணும்?" என்றாள்.

மறுநாள் ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் சொர்ணம்மாள் அந்தப் பாதிக் குரலில் விளக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல பிள்ளே. மவளுக்க வேலைக் காரியமாக்கும். அவ கையில ஒரு தப்பு வந்துபோச்சு. அதை நேராக்கிக் குடுக்கலாம்னு வந்தேன்." அந்தப் பெண் அஜிதாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அஜிதாவுக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் சொல்லச் சொன்ன பொய் இதைவிட எவ்வளவோ மேலானது. அம்மாவைத் திருத்தவும் அவள் துணியவில்லை. திருத்தினால் அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

உள்ளே மூடியைப் போட்டுப் பூட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அஜிதா பார்த்தாள். அம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. கடைசிவரை விடவில்லை. படம் வந்து சேரச் சேர அஜிதா அதைத் தன் கையாலேயே எதிர்க் கட்டடத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். இரவு வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. முடிந்ததும் பிரதியைத் திறந்து, படம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மூடியைக் கழற்றினார்கள். சொர்ணம்மாளின் முகம் முழுக்க வலை பதிந்திருந்தது. கண்ணோரம் நனைந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து மகளைத் தேடினாள்.

"கெடச்சிதா?"

"கெடச்சுதும்மா."

"அப்பம் இனி உனக்க வேலை போகாதுல்லா?"

"போகாதும்மா," என்றாள் அஜிதா.

"அப்பம் செரி," என்று சொல்லிவிட்டு, சொர்ணம்மாள் கீழே இறங்கக் காலால் செருப்பைத் தேடினாள்.